வந்ததாக எழுதிய பெயர்

அக்டோபர் 3

அவரைச் செடி இரண்டு இலை விட்டிருக்கிறது. அடுத்த வியாழக்கிழமை நம் தண்ணீர் முறை.

மருமகன் ருஃபினோ அல்பாக்கா மந்தைக்கு மயிர் கத்தரிக்க மேல்மலைக்குப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை அரசாங்கத்தை எதிர்த்து நடக்கும் பாலத்து மறியலில் நம் வீட்டு முறை என்று தெரிந்தேதான் போனான். "அரசாங்கம் காத்திருக்கும் அத்தை, மயிர் காத்திருக்காது" என்றான். பதில் தெரியாமல் இல்லை. சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 6

காலையிலிருந்து பொழுது சாயும்வரை பாலத்தில் நின்றேன். முட்டி இரண்டும் கல்லாகிவிட்டது. ரோட்டில் பாறாங்கல், கல்லுக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்கு வேகும் அடுப்பு, அவ்வளவுதான் மறியல்.

ஆம்பளை இருக்கிற வீட்டில் அவன்தான் வந்து நிற்க வேண்டும், வராத வீட்டுக்கு ஒரு முறை தண்ணீர் கிடையாது. இது ஊர்க்கூட்டத்தின் சட்டம். எழுத்தர் சாத்தூர்னினோ புத்தகத்தைத் திறந்து "ருஃபினோ திகோனா" என்று கூப்பிட்டான். "வந்தாச்சு" என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எழுதிக்கொண்டான்.

என் வீட்டுக்காரர் செத்த வருஷம் இவனிடம்தான் போய் நின்றேன், தலைக்கட்டுப் பட்டியலில் என் பெயரை எழுது என்று. "மருமகன் இருக்கானே, அவன் பேர் போதும்" என்றான். பதினேழு வருஷம். நிலம் என்னுடையது, முட்டி என்னுடையது, பெயர் மட்டும் ருஃபினோவுடையது. கத்தரிக்கோலைத் தவிர எதையும் நேரத்துக்குத் தூக்காத சோம்பேறி.

அக்டோபர் 7

கால் வலி. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 9

பட்டாளம் வந்து பாலத்தைக் காலி செய்துவிட்டது. அந்தத் தள்ளுமுள்ளில் போலீஸ் லாரி ஒன்று எரிந்ததாம். யார் கொளுத்தினார்கள் என்று தெரியவில்லை. ஓடுகிற அவசரத்தில் சாத்தூர்னினோ வருகைப் புத்தகத்தை விட்டுவிட்டு வந்தான். அது அவர்கள் கையில்.

அக்டோபர் 12

ருஃபினோவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேற்றுத்தான் மலையிலிருந்து இறங்கினான். சூப்பில் ஸ்பூனைப் போட்டிருந்தான். "ருஃபினோ திகோனா யாரு?" நான்தான் என்று எழுந்தான், முட்டாள். என் மகள் நியெவெஸ் வந்தவர்களின் காலைப் பிடித்துக்கொண்டாள். லாரி கொளுத்திய வழக்கு என்று ஊரில் மொத்தம் பதினோரு பேரைப் பிடித்திருக்கிறார்கள். எல்லாம் புத்தகத்தில் ஆறாம் தேதிப் பக்கத்தில் இருக்கிற பெயர்கள்.

சாத்தூர்னினோவின் மகன் எல்மெரும் அதில் ஒருவன்.

நியெவெஸ் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தப் பேரைச் சொன்னது நீதானேம்மா" என்றாள், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே. போய் நில்லு என்று என்னை அனுப்பியது யாராம்? கேட்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 14

டவுனுக்குப் போனோம். கம்பிக் கதவுக்கு வெளியே பதினோரு வீட்டுப் பெண்களும் சாப்பாட்டுத் தூக்கோடு நிற்கிறோம். ஒருத்திக்கொருத்தி கண்ணைப் பார்ப்பதில்லை. ஏன் இப்படி? நான் ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள்?

வக்கீல் பெண் மரிபெல் நம் பக்கத்து ஊர்க்காரி. "அவரு மலையிலதான் இருந்தாருன்னு யாரு சொல்லுவா? அல்பாக்காவா? புத்தகத்துல பேர் இருக்கே பாட்டி" என்றாள். புத்தகம் பொய் என்று ஊர்க்கூட்டத்திலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தால் பார்க்கலாமாம்.

சொன்னால் தண்ணீர் போகும். இந்த மாதம் தண்ணீர் இல்லாவிட்டால் கீழ்வயல் அவரை கருகும்.

அக்டோபர் 17

கூட்டத்தில் எழுந்தேன். "அன்னிக்குப் பாலத்துல நின்னது ருஃபினோ இல்ல. நான். வந்தாச்சுன்னு சொன்ன வாயும் இதுதான்."

பின்னாலிருந்து ஒருத்தி, "உக்காரு இலாரியா. தண்ணி போயிரும்."

"போகட்டும். ஆளே போயிட்டான்."

பிறகு கம்பிக் கதவில் நின்றவர்களில் ஒருத்தி, பசீலியா, எழுந்தாள். "என் வீட்டுக்காரன் அன்னிக்கு ஏரியில மீனுக்குப் போயிருந்தான். நின்னது நான்." அப்புறம் இன்னொருத்தி. அவள் மாமியாரை அனுப்பினாளாம். ஒவ்வொருத்தியாக ஏழு வீடு. பதினோரு பேரில் ஏழு பேர் பாலத்துப் பக்கமே வரவில்லை. தன் வீடு மட்டும்தான் ஊரை ஏமாற்றியது என்று ஒவ்வொருத்தியும் நினைத்துக்கொண்டு கம்பிக் கதவில் நின்றிருக்கிறோம்.

யாரோ கேட்டார்கள், "முப்பது வருஷமா என் புத்தகம் பொய் சொல்லாதுன்னியே எழுத்தரே."

சாத்தூர்னினோ கண்ணாடியைக் கழற்றினான். "ஒண்ணுமேல ஒண்ணா ஏழு பாவாடை கட்டிக்கிட்டு வந்து நின்னா ருஃபினோவா இல்லையான்னு எனக்குத் தெரியாதா?"

சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. "வீட்டுக்கு ஒரு தலை நின்னுச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

"பதினேழு வருஷம் முன்னாடி ஏன் போதல?" என்றேன்.

புத்தகம் பொய் என்று எழுதி முதல் கையெழுத்து அவனே போட்டான். எல்மெர் நிஜமாகவே பாலத்தில் நின்றவன். அப்பன் புத்தகம் வைத்திருப்பதால் முதல் ஆளாக வர வேண்டும் என்று அவனை அனுப்பியதே சாத்தூர்னினோதான். அந்தக் கையெழுத்து அவன் மகனுக்கு உதவாது. தெரிந்துதான் போட்டான்.

ஏழு வீட்டுக்கும் ஒரு முறை தண்ணீர் இல்லை. சட்டம் சட்டம்தான்.

அக்டோபர் 22

அரசு வக்கீல் முன்னால் இந்த நோட்டை வைத்தேன். மரிபெல்தான் கேட்டாள், தேதி போட்டு எழுதியது ஏதாவது இருக்கிறதா என்று. முதியோர் வகுப்பில் எழுதக் கற்றதிலிருந்து, மறந்துபோகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன், யார் எனக்கு என்ன செய்தார்கள் என்று. அதை ஒருத்தன் உரக்கப் படிப்பான் என்று யார் கண்டது?

"கத்தரிக்கோலைத் தவிர எதையும் நேரத்துக்குத் தூக்காத சோம்பேறி" என்று படித்துவிட்டு நிறுத்தினார். "இது உங்க மருமகனா?"

"ஆமா."

மரிபெல் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்து, "பாட்டி, மருமகனைக் காப்பாத்தப் பொய் எழுதினீங்கன்னு இனி யாரும் சொல்ல முடியாது" என்றாள்.

சாத்தூர்னினோவும் உள்ளே எங்களோடுதான் உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றியதையும் படித்தார்கள். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ பாலத்துல நின்னது நீங்கன்னா உங்களைத்தான பிடிக்கணும்?" என்றார் அரசு வக்கீல்.

"பிடிங்க. துணி மூட்டை கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா ஆறாம் தேதி எரிஞ்சது எங்க கிழங்கு அடுப்பு மட்டும்தான். அன்னிக்கு நின்ன யாரையும் லாரிக்காகப் பிடிக்க முடியாது. எல்மெரையும்தான்."

வயது கேட்டார். எழுபத்தொன்று. பக்கங்களை நகலெடுத்துக்கொண்டு, நோட்டைத் தந்து போகச் சொல்லிவிட்டார். எல்மெரைப் பற்றிச் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள், செத்தவர்களுக்குப் படையல் மேஜை போட்டோம். என் வீட்டுக்காரருக்கு ரொட்டி, சோளச் சாராயம். நியெவெஸ் ருஃபினோவுக்கும் ஒரு ரொட்டி பிசைந்தாள். பிடுங்கி மாவோடு சேர்த்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவனுக்கு அங்கே வைக்கக் கூடாது. அழுதாள். நானும்.

நவம்பர் 8

ஏழு பேரையும் விட்டுவிட்டார்கள். எல்மெரோடு நான்கு பேர் இன்னும் உள்ளே.

ருஃபினோ இளைத்துவிட்டான். இரண்டு தட்டு சூப் குடித்தான். "நோட்டுல என்னைப் பத்தி எழுதியிருக்கீங்களாமே அத்தை."

"இருக்கு."

"உள்ள காவலுக்கு நின்னவன் என்னை அப்படித்தான் கூப்பிட்டான். கத்தரிக்கோல்."

நியெவெஸ் சிரித்துவிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு.

நவம்பர் 10

கீழ்வயல் அவரை போய்விட்டது. மேல்வயல் தேறும்.

நவம்பர் 16

வாய்க்கால் தூர் வாரும் நாள். இனி யார் வந்து நிற்கிறார்களோ அவர்கள் பெயரையே எழுதுவது என்று போன வாரம் கூட்டத்தில் முடிவாயிற்று. சாத்தூர்னினோ புதுப் புத்தகத்தில் படித்தான். "இலாரியா சம்பில்யா." அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதே இல்லை, யார் அது என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

பிறகு, "எல்மெர் கலிசாயா." தன் மகனை. வரிசைப்படி. பதில் இல்லை. வரவில்லை என்று எழுதினான். அடுத்த பெயரைப் படித்தான்.

ஆளுக்கு எட்டடி பங்கு. எங்கள் பங்கு முடிந்ததும் ருஃபினோ மண்வெட்டியைத் தோளில் போட்டான். வீட்டுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். எல்மெரின் பங்கில் இறங்கி வெட்டத் தொடங்கினான். யாரும் சொல்லவில்லை.

சாத்தூர்னினோ மேட்டில் நின்று பார்த்தான். நானும் இறங்கினேன். சாத்தூர்னினோமேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது, இந்த நோட்டிலேயே இருக்கிறது. ஆனால் சேறு ஒரு முழம் ஏறியிருந்தது. ஒருத்தனால் ஆகாது.