இரண்டாவது அழைப்பு

ஜூன் 9, திங்கள்

ஆபீசில் காலை டீ வருவதற்குள் தம்பி ஹேமுவின் கீரைக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன். அம்பத்தூரில் உட்கார்ந்தபடி திருநின்றவூரில் மோட்டார் போடுவது எனக்கு இன்னும் விளையாட்டாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்கு அவனுக்கு நான் வாங்கிக்கொடுத்த மொபைல் ஸ்டார்ட்டர். நாளுக்குச் சில மணி நேரமே விடும் மூன்று பேஸ் கரண்ட் வந்தால் மெசேஜ் அனுப்பும். நாம் அதன் நம்பருக்குப் போன் செய்தால், 'மோட்டார் ஆன் செய்யப்பட்டது' என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவன், அவன் மனைவி சுதா, நான் — மூன்று பேர் நம்பரும் அதில் இருக்கிறது. காலையில் அவன் ஸ்கூல் வேன் ஓட்டப் போய்விடுவான், அவள் கீரைக்கட்டோடு மார்க்கெட்டில் இருப்பாள். பாதி நாள் நான்தான் போடுகிறேன்.

இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு அவன் கிணற்றுக்குப் போக வேண்டாம், பாம்பு நடமாடுகிற இடம் என்றுதான் வாங்கினேன்.

சாயங்காலம் பேசினான். "இன்னாக்கா, கம்பெனி சம்பளம் வாங்கிகினு என் மோட்டாருக்கு வேலை பாக்குற?"

ஜூன் 15, ஞாயிறு

திருநின்றவூர் போய் வந்தேன். இந்த வாரம் கரண்ட் மதியம் இரண்டு மணிக்கு மேல்தானாம். மோட்டார் ரூமில் மெயின் சுவிட்சின் கைப்பிடி உடைந்து கிடக்கிறது. கட்டிங் பிளேயரால் திருகித்தான் அணைக்க முடியும். மாற்றச் சொன்னேன். "மாத்திடறேன்கா" என்றான். மூன்று மாதமாக இதையே சொல்கிறான்.

ஜூன் 19, வியாழன்

ஹேமு போய்விட்டான்.

ஜூன் 23, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

வேனை நிறுத்திவிட்டு பத்தரைக்குக் கிணற்றடிக்குப் போயிருக்கிறான். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது, அதை வெட்டிச் சேர்க்க. கரண்ட் இரண்டு மணிக்குத்தானே என்று மெயினை அணைக்கவில்லை, பியூஸையும் பிடுங்கவில்லை. அன்றைக்கு மட்டும் பத்தே முக்காலுக்கே வந்துவிட்டது. எனக்கு மெசேஜ் வந்தது. அட, சீக்கிரமே வந்துவிட்டதே என்று சந்தோஷமாகப் போன் போட்டேன்.

நான்தான்.

ஸ்டார்ட்டர் ஆட்டோவில் கிடந்திருக்கும், தானாக ஓடியிருக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். பக்கத்து நிலத்து உத்தமன் அண்ணன்தான் அவனை முதலில் பார்த்தவர். அவரும் அதையேதான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

ஜூன் 25, புதன்

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். என் போனை வாங்கி, அன்றைய அழைப்புகளை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "சொன்னா போனவன் வந்துடுவானா?" என்றார். நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

ஜூலை 1, செவ்வாய்

பேப்பரில் இப்போது மாவட்டச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறேன். வரப்பில் ஏறிய டிராக்டர் கவிழ்ந்து ஓட்டியவர் பலி. கிணறு தூர் வார இறங்கியவர் மூச்சு முட்டி, அவரைத் தூக்கப் போனவரும். கதிரடிக்கும் மெஷினில் புடவைத் தலைப்பு சிக்கி ஒரு பெண், என் வயது. பன்றிக்கு வைத்த மின்வேலியை மிதித்தவர்.

எல்லாவற்றிலும் 'எதிர்பாராத விதமாக' என்று போட்டிருக்கிறது.

மூன்று மாதம் உடைந்து கிடந்த கைப்பிடி எதிர்பாராததா? அந்த டிராக்டர்காரரிடமும் வரப்பில் ஏற்றாதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவரும் சரி என்றிருப்பார்.

ஜூலை 6, ஞாயிறு

காரியம் முடிந்த பிறகு இன்றுதான் போனேன். ஹேமுவின் பெண் பவ்யா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அத்த, அப்பா அன்னிக்கி குடிச்சிருந்தாரா?"

டீக்கடையில் பேசிக்கொள்கிறார்களாம், போதையில் இருப்பவன்தான் கரண்டில் கை வைப்பான் என்று. இவளுக்காக அவன் குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. இல்லவே இல்லை என்றேன்.

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியும்! எனக்குத்தானே தெரியும். பரீட்சை எப்போது என்று பேச்சை மாற்றினேன். அந்தப் பெண் பிளஸ் டூ படிக்கிறது. அப்பன் குடிகாரனாகச் செத்தான் என்று நினைத்துக்கொண்டே வளரப்போகிறது.

சுதாவிடம் சொல்லியாக வேண்டும்.

ஜூலை 8, செவ்வாய்

இங்கேயும் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

நான் போன் போட்ட மூன்றாவது நிமிடம் ஸ்டார்ட்டரிலிருந்து அழைப்பு வந்தது. 'மோட்டார் நின்றுவிட்டது. இணைப்பில் கோளாறு.' எப்போதாவது அப்படிச் சொல்லும், மறுபடி போட்டால் ஓடும். மறுபடி போட்டேன்.

முதல் தடவையிலேயே போயிருப்பான். அப்படித்தான் இருக்கும். அப்படி இல்லாமல், கையை உதறிக்கிட்டு, எவன்டா போட்டதுன்னு திட்டிக்கிட்டு, திரும்ப அந்த ஒயரை எடுத்திருந்தான்னா — யாரைப் போய் கேக்குறது நான்?

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

முற்றிப்போன கீரையை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தாள் சுதா. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு பாத்தி முழுக்க அறுத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு தடவையா, அண்ணி?"

ஆமாம் என்றேன்.

"ஒரு தடவன்னு சொல்லியிருக்கலாமே."

கீரையை அள்ளிக்கொண்டு மாட்டுப் பக்கம் போனாள். திரும்பி வரவில்லை. ஒரு மணி நேரம் வரப்பிலேயே இருந்துவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

சுதா போன் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

உத்தமன் அண்ணன் பேசினார். காலையில் சுதா டீக்கடைக்கு வந்து, அத்தனை பேர் எதிரில் பேசினாளாம். பவ்யாவும் கூட நின்றதாம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எம் புருஷன் குடிக்கல. கரண்ட் இல்லன்னு நம்பி கைய வெச்சாரு. தெரியாம எங்க அண்ணி மோட்டார் போட்டுட்டாங்க. இனிமே எவனாச்சும் குடிச்சான்னு சொன்னான், அவன் ஊட்டாண்டயே வந்து கேப்பேன்."

சொல்லிவிட்டு, "நீதாம்மா போட்டியா?" என்றார். ஆமாண்ணா என்றேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

'தெரியாம' என்பது சுதா சொன்னதா, என் மனசுக்காக அவர் சேர்த்ததா? கேட்டிருக்கலாம். பயம்.

செப்டம்பர் 22, திங்கள்

ஒன்றுமில்லை. போனும் இல்லை.

அக்டோபர் 8, புதன்

காலை ஆறேமுக்கால், அண்ணனூர் ஸ்டேஷனில் ரயில் ஏறப்போகும்போது போன். சுதா.

"அண்ணி, அந்த ஸ்டார்ட்டரைக் கழட்டியாச்சு. இனிமே கையாலதான் போடணும். இன்னிக்கிதான் மொத தடவ. உள்ள போகப் பயமா கீது. வெச்சிடாதீங்க."

ரயிலை விட்டுவிட்டு பிளாட்பாரத்திலேயே நின்றேன். அவள் நடக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சத்தம். பிறகு நெடுநேரம் அவள் மூச்சு மட்டும். மோட்டார் உறுமியபோது, சுதா, சுதா என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கீறேன் அண்ணி," என்றாள். "வெளிய வந்துட்டேன். தண்ணி வருது."

வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது எனக்கும் கேட்டது.

"நாளைக்கும் இதே நேரம்தான் கரண்ட்டு," என்று சொல்லி வைத்தாள்.

ரயிலில் போனால் நடுவில் சிக்னல் விட்டுப்போகும். நாளையிலிருந்து ஏழேகால் ரயிலுக்கு மாறிக்கொள்கிறேன்.