இரண்டு கம்பி கேட்ட புரோட்டீன்

போன சனிக்கிழமை பினாங் ஸ்ட்ரீட் பாசிமணிக் கடையில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மகளின் நடன உடைக்குத் தைக்க மணி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கிழித்துத் தட்டில் கொட்டினார். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகச் சலசலவென்று விழுந்த அந்தச் சத்தத்தில் நீ வந்து என் பக்கத்தில் நின்றுவிட்டாய். "என்னக்கா சிரிக்கிறீங்க? வெலை கூடன்னா?" என்று கேட்டார் அவர். என்ன சொல்ல? செத்துப்போன சிநேகிதியின் ஞாபகம் வந்து சிரிக்கிறேன் என்றால் மனுஷன் கடையைச் சாத்திவிட்டு ஓடியிருப்பார்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்தக் கடிதத்தில் அழமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழுமூஞ்சிகளைக் கண்டால் எழுந்து போகிற ஆள் நீ. கடிதத்தையும் பாதியில் வைத்துவிட்டுப் போவாய்.

இதே தெருவில்தான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், என்னையும் இழுத்துக்கொண்டு மணி வாங்க வந்தாய். அன்றைய கடைக்காரர் வயதான பாய். "மாலைக்காம்மா, ஜாக்கெட்டுக்கா?" என்று கேட்டார். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "புரோட்டீன் கட்ட, பாய்" என்றாய். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "புது டிசைன்லாம் நமக்கு எங்கம்மா தெரியுது" என்று அளந்து போட்டார். வெளியே வந்து கடை முகப்பின் ஐந்தடி நடைவழியில் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

இரண்டு பேரும் யூனிவர்சிட்டியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. உனக்கோ அது சோறு தண்ணீர். அமினோ அமிலங்கள் மணி கோத்த மாதிரி வரிசையாக நிற்கும், பிறகு அந்தச் சரம் சுருண்டு மடங்கிப் புரோட்டீனாகும் என்பதுவரை நானும் படித்திருந்தேன். உன் ஆராய்ச்சி அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. "கோத்த வரிசைய விடுடி. மடங்கினப்புறம் யாரு பக்கத்துல யாரு உக்காந்திருக்கான்னு பாரு. அதுலதான் விஷயமே இருக்கு" என்பாய். வெளிநாட்டிலிருந்து ஒரு டிஸ்கெட்டில் வந்த புரோட்டீனில் ஒவ்வொரு அமிலமும் இருக்கும் இடம் எண்களாக இருந்தது. எந்த இரண்டு பேர் நெருங்கி நிற்கிறார்களோ அங்கே ஒரு புள்ளி வைக்கும்படி நீயே ஒரு புரோகிராம் எழுதினாய். பிரிண்டர் கிர்ர் கிர்ர் என்று கத்தியபடி புள்ளிப் படம் துப்பும். கலர் பென்சில் தீட்டுவது என் வேலை. பிஎஸ்சி கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு நீ கொடுத்த வேலையைப் பார்!

உன் அப்பாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சு மாறாதவர்; ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பீச் ஸ்ட்ரீட் இன்சூரன்ஸ் ஆபீசில் தெரிந்தவரிடம் சொல்லி உனக்கு வேலையும் பார்த்து வைத்துவிட்டார். "புள்ளி குத்தி விளையாடுறதுக்கே யூனிவர்சிட்டி?" என்று என்னிடமே கேட்டார். நீ சாப்பிடாமல் கிடந்து வாதாடியதில் ஒரு சமாதானம் பிறந்தது. திங்கட்கிழமை நீ டிபார்ட்மெண்டில் உன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும்; அவர் நேரில் வந்து பார்ப்பார்; உருப்படியாகத் தெரிந்தால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் அடுத்த மாதம் இன்சூரன்ஸ். மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர உன் வாயில் வேறு பேச்சே இல்லாத காலம் அது.

நீயோ கவலையே இல்லாமல் இருந்தாய். உன் படத்தில் ஒரு மூலையில், யாரும் எதிர்பார்க்காத இடத்தில், கொத்தாகப் புள்ளிகள் விழுந்திருந்தன. சரத்தின் வால் பகுதி நடுப்பகுதியோடு ஒட்டி நிற்கிறதாம். எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். "இது புதுசுடி! சத்தியமா புதுசு!" என்று குதித்தாய். பேச்சின் தலைப்பாகவே அதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். எனக்கு மீ கோரெங் வேறு வாங்கிக் கொடுத்தாய், முட்டை போட்டு.

சனிக்கிழமை மத்தியானம் சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்தாய். அதைக் கண்ணால் பார்க்கும்படி கம்பியில் மணி கோத்து மடக்கிக் காட்டினால் அப்பாவுக்குக்கூட விளங்கும் என்பது உன் திட்டம். தரையில் உட்கார்ந்து கோத்தோம். மற்ற இடமெல்லாம் அழகாக மடங்கியது. அந்த வாலை நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் மட்டும் மற்றது எல்லாம் பிரிந்துகொண்டது. இங்கே இழுத்தால் அங்கே கழன்றது. "நீ ஒழுங்கா புடிக்கல!" என்றாய். "ஆமாலா, நான் புடிக்காததாலதான் புரோட்டீன் மடங்கல!" என்று நானும் கத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "ரெண்டு கழுதைங்களும் கம்பிய வச்சிக்கிட்டு கண்ண குத்திக்கப் போறீங்க" என்று குரல் கொடுத்தாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. காஸ் தோங்கை, அதுதான் சிலிண்டரை, தோளில் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் நின்றார். எங்கள் வீட்டில் யாரும் காஸுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு இது பழகிப்போன தொல்லை. "இங்க இல்ல லா! அது பி ப்ளாக்கு! நம்பர் ஒண்ணுதான், ப்ளாக்கு வேற!" என்று கையை நீட்டி எதிர்க் கட்டடத்தைக் காட்டி அனுப்பினாள்.

நீ கம்பியை மடியில் போட்டுவிட்டாய். "உங்கம்மா இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் பையைக் கவிழ்த்து அந்த எண்கள் அச்சடித்த தாளை எடுத்தாய். ஒவ்வொரு வரியிலும் அமிலத்தின் பெயருக்கும் வரிசை எண்ணுக்கும் நடுவே ஒற்றை எழுத்து இருந்தது. தாளின் முதல் பாதி முழுக்க ஏ, அடுத்த பாதி முழுக்க பி. ஏதோ அலங்காரம் என்று நினைத்து அந்த எழுத்தைப் படிக்காமலே தாண்டிப் போகும்படி புரோகிராம் எழுதியிருந்தாய் நீ! அளவெடுப்பதற்காகப் புரோட்டீனைப் படிகமாக்குவார்கள்; அந்தப் படிகத்தில் ஒன்றல்ல, ஒரே மாதிரியான இரண்டு புரோட்டீன்கள் ஒட்டி நின்றிருக்கின்றன. இருவருக்கும் ஒரே வரிசை எண்கள். ஏயின் வால் பியின் நடுவைத் தொட்டதை, ஒரே ஆள் தன்னைத்தானே தொட்டுக்கொள்வதாகப் புள்ளி வைத்திருந்தது உன் மெஷின். மிச்ச மணிகளை இன்னொரு கம்பியில் கோத்துப் பக்கத்தில் வைத்தோம். வாலும் நடுவும் இழுக்காமல் பிடிக்காமல் தானாகப் பொருந்தின.

பொருந்தியதும் உன் முகம் விழுந்துவிட்டது. புதுசு என்று எழுதிக் கொடுத்தது புதுசே இல்லை. எனக்கு உன்மேல் இரக்கமும் உன் அப்பாமேல் பயமும் சேர்ந்து வந்தது. "பேசாம அந்தப் புள்ளிய மட்டும் அழிச்சிடு லா. யாரு கண்டா?" என்றேன். "தலைப்பே அதுதான்டி. அத அழிச்சா மிச்சம் என்ன இருக்கு, என் பேரா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். ஞாயிற்றுக்கிழமை முழுதும் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினாய் என்று பிறகு சொன்னாய்.

திங்கட்கிழமை உன் அப்பா வெள்ளை முழுக்கைச் சட்டையும் குடையுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். படத்தாள்களை எடுத்துக் கொடுக்க நான் உன் மேசைக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ எழுந்து முதலில் அந்தப் பழைய படத்தையே ப்ரொஜெக்டர் விளக்கில் வைத்தாய். "இது என் பிழை. இதை முதலில் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன்" என்று இங்கிலீஷில் சொன்னாய். நாலைந்து பேர் சிரித்தார்கள். என்ன ஆனது என்பதை நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அடங்கியது. முன் வரிசையில் இருந்த லெக்சரர் ஒருவர், "அப்படியென்றால் இரண்டும் எங்கெங்கே தொட்டுக்கொள்கின்றன?" என்று கேட்டார். நீ கம்பிகள் இரண்டையும் தூக்கிப் பிடித்தாய். அப்புறம் உன்னை யார் நிறுத்த முடிந்தது? அடுத்த வகுப்புக்காரர்கள் கதவைத் தட்டும்வரை பேசினாய்.

கேன்டீனில் உன் அப்பா தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். நீ என் காலை மேசைக்கு அடியில் மிதித்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அவர் சொன்னார்: "உந்தப் புரோட்டீனைப் பற்றி எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா ஆயுள் முழுக்கக் கந்தோரில குமாஸ்தாவா இருந்தனான். பிழை விட்டிட்டு ஒளிச்ச ஆக்களைத்தான் கண்டனான். எழும்பி நிண்டு முதல் வேலையா அதைச் சொன்ன ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன். இன்சூரன்ஸ்காரருக்கு நான் சொல்லிவிடுறன். நீ படி, பிள்ளை." நீ சிரித்துக்கொண்டிருந்தாய். ஓவென்று அழுதது நான்தான். பக்கத்து மேசைக்காரர்கள் எனக்குத்தான் ஏதோ கெட்ட சேதி என்று நினைத்துவிட்டார்கள்.

நீ படித்தாய். இரண்டு புரோட்டீன்கள் எந்த இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன என்று பார்ப்பதே உனக்கு ஆயுள் முழுக்க வேலையாகிப் போனது. படுக்கையில் கிடந்த கடைசி வாரத்திலும் யாரோ ஒரு மாணவியின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இவ என்ன இப்படி குத்தியிருக்கா?" என்று திட்டிக்கொண்டுதான் இருந்தாய். நான் ஆஸ்பத்திரி லேபில் இரத்தம் சோதிக்கிறவளாகக் காலத்தை ஓட்டிவருகிறேன். நீ இல்லாமல் எனக்கு ரொம்பப் போரடிக்கிறதுடி. உண்மையைச் சொல்கிறேன்.

லேபில் எப்போதாவது எங்கள் கையால் ஒரு தப்பு நடந்துவிடும். யாரும் கண்டுபிடிப்பதற்குள் நானே போனை எடுத்து வார்டு டாக்டரிடம் சொல்லிவிடுவேன். புதிதாக வந்த பெண்கள், "நம்மளே போயி ஏன்க்கா மாட்டிக்கணும்? உங்களுக்கு பயமே இல்லையா?" என்று கேட்கிறார்கள். பயம் இல்லாமல் என்ன? எண்ணை அழுத்தும்போது என் கை நடுங்கத்தான் செய்கிறது. நடுங்கினாலும் பரவாயில்லை என்று எனக்குத் தெரியும். அன்று அந்தப் படத்தை நீ விளக்கில் வைத்தபோது உன் கை நடுங்கியது. கடைசி வரிசையிலிருந்து உன் அப்பாவுக்கு அது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது.