காலி லாரியில் கற்றுக்கொடுத்தது

நவம்பர் 1, சனி

விடிந்ததிலிருந்து தூறல். டிரைவிங் பள்ளி மைதானம் முழுக்கச் சேறு. லாரியை வெளியே எடுக்கவில்லை. கார் பழக இரண்டு பேர் மட்டும். ஒருவர் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெங்களூர்க்காரர். கிளட்சை மிதிக்காமல் தியானம் பற்றிப் பேசுகிறார்.

பத்து மணிக்கு மில்காரர் தணிகாசலம் போன். வணக்கம்கூட இல்லை.

"உங்ககிட்ட படிச்சவன் என் லாரிய கவுத்துட்டான். இன்னா மாஸ்டர் கத்துக்குடுத்தீங்க?"

ஏழுமலை. கீழ்பென்னாத்தூர் பக்கம். வயது முப்பத்தொன்று, இரண்டு பெண் குழந்தைகள். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். என்னிடம் பழகி, போன மாதம்தான் ஹெவி லைசென்ஸ் வாங்கினான். மில்லில் சேர்ந்த மூன்றாம் நாளே ஜவ்வாது மலைக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள், சாமை மூட்டை ஏற்றிவர. நேற்று இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கமாக ஒடித்திருக்கிறான். வண்டி கவிழ்ந்தது. வலது கால் இரண்டு இடத்தில் முறிவு. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை.

நானும் விடவில்லை. "சேர்ந்த மூணாம் நாளு மலைக்கு அனுப்பினது யாரு? நானா?"

"லைசென்ஸ் இருந்தா ஓட்டத் தெரியும்னுதானே அர்த்தம்?"

"லோடோட மலையில ஓட்டறதுக்கு நீங்கதான் பக்கத்துல ஒரு ஆள உக்காரவெச்சு பழக்கணும்."

"அப்ப நீ எதுக்கு ஸ்கூல் வெச்சிருக்க?" வைத்துவிட்டார்.

'நீ' ஆகிவிட்டது. நேரில் இருந்தால் அறைந்திருப்பேன். ஏழுமலைமேலும் ஆத்திரம். அத்தனை சொல்லிக்கொடுத்தேனே.

வாங்க வேண்டியவை: வைப்பர் ரப்பர், எல் போர்டு, மனைவி சுமதிக்குத் தைராய்டு மாத்திரை.

நவ. 2, ஞாயிறு

மில்காரர் நேரிலேயே வந்தார். இன்று குரல் வெல்லம். கையில் டைப் அடித்த தாள். 'மேற்படி ஏழுமலைக்கு லோடு ஏற்றிய லாரியில், மலைப்பாதையில், பத்து நாள் பயிற்சி அளித்தோம்.' என் பள்ளியின் லெட்டர்பேடில் இதை அப்படியே அடித்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"பழக்கம் இல்லாதவன ஏன் அனுப்பினேன்னு ஸ்டேஷன்ல என்னைக் கேக்கறாங்க. இதக் குடுத்தா எனக்குத் தொல்லை இல்ல. உங்களுக்கும் கெட்ட பேரு இல்ல."

"அப்ப கேஸு மொத்தமும் அவன் தலையில வுழும்."

"கவுத்தது அவன்தானே?"

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இங்கே எழுதலாம், யார் படிக்கப்போகிறார்கள். பிடித்திருந்தது.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன். தாள் மேசை டிராயரில்.

சுமதி: "போட்டுக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க. அந்தாளோட பகை எதுக்கு?"

நவ. 3, திங்கள்

மழை. ஏழுமலையின் மனைவி செல்வி வந்தாள். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், மில்லுல சொல்றாங்க, நீங்க அவர மலைக்கெல்லாம் கூட்டிம்போய் பழக்கினீங்களாம். அவரு அப்படி ஒண்ணும் சொல்லலியே."

நான் கையெழுத்துப் போடும் முன்பே பரப்பிவிட்டார் மனுஷன்.

"நீங்க இன்னா கத்துக்குடுத்தீங்களோ அத மட்டும் எழுதிக் குடுங்க சார். ஜாஸ்தியா ஒண்ணும் வேணாம்."

"அவன் ஒழுங்கா ஓட்டியிருந்தா நீ இங்க வந்து நிக்கவேண்டியதே இல்ல" என்றேன்.

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினான்கு நாள், தினம் அரை மணி. மைதானத்தில் சுற்று, ரிவர்ஸ். பைபாஸில் நான்கு தடவை. எல்லாம் காலி லாரியில். லைசென்ஸ் படிவத்தில் நான் எழுதிக் கையெழுத்திட்ட மணிக்கணக்கு இதைவிட அதிகம். எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான்.

ஆனாலும் கவனமாக ஓட்டுகிறவன் மலையை ஒழுங்காக இறங்கிவிடுவான். நிரூபிக்கிறேன். முருகவேலுக்கு போன் செய்தேன். எட்டு வருடம் முன் என்னிடம் பழகியவன், இப்போது ஜமுனாமரத்தூரிலிருந்து லோடு அடிக்கிறான். புதன்கிழமை நானும் வருகிறேன், இறக்கத்தில் நான்தான் ஓட்டுவேன் என்றேன்.

"நீங்களா மாஸ்டர்?"

அந்த 'நீங்களா' எனக்குப் பிடிக்கவில்லை.

நவ. 5, புதன்

பௌர்ணமி. ஊரே கிரிவலத்துக்கு. பள்ளி விடுமுறை. காலையில் முருகவேலோடு மலைக்கு. மதியம் மூட்டை ஏற்றி முடித்தார்கள். மழை விட்டிருந்தாலும் ரோடு ஈரம்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். நான்காவது கியர். எப்போதும்போல பிரேக்கில் கால். முதல் வளைவு சரி. இரண்டாவதும். மூன்றாவதற்கு முன்பு வண்டி என்னைத் தள்ள ஆரம்பித்தது. முதுகுக்குப் பின்னால் அத்தனை எடை. கியரைக் குறைக்கப் பார்த்தேன். விழவில்லை. கரகரவென்று சத்தம் மட்டும். வண்டி நியூட்ரலில் ஓடுகிறது. பிரேக்கை முழுக்க அழுத்தினேன். பிரேக் தீய்ந்த வாடை, பிடிப்பே இல்லை.

முருகவேல் என்மேல் சாய்ந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். மலைப் பக்க மண்ணில் உரசி நின்றது.

"மேலயே ரெண்டாவது கியருல போட்டு எறக்கணும் மாஸ்டர்! இஞ்சினே வண்டியப் புடிச்சிக்கும். நடுவுல கியர் வுழாது!" கத்தினான். என்னிடம் பழகியவன்.

கீழே இறங்கிக் கல்மேல் உட்கார்ந்திருந்தேன்.

"உனக்கு யாரு சொன்னது இத?"

"பழைய டிரைவர் ஒருத்தரு. ரெண்டு மாசம் பக்கத்துலயே உக்காந்து வந்தாரு. வாயத் தொறந்தா திட்டுதான்."

"என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலியே மாஸ்டர்."

பதினோரு வருடமாக ஹெவி கற்றுக்கொடுக்கிறேன். லோடு ஏற்றிய லாரியை இன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். சுமதியிடம் சொல்லவில்லை.

நவ. 6, வியாழன்

மில்காரர் தாளைக் கிழித்தேன். என் லெட்டர்பேடில் கையாலேயே எழுதினேன். பதினான்கு நாள், அரை மணி, சமதளம், காலி வண்டி. மலைப்பயிற்சி இல்லை. லோடு பயிற்சி இல்லை. படிவத்தில் நான் எழுதிய மணிக்கணக்கு உண்மையல்ல. கடைசி வரியை இரண்டு தடவை அடித்து, மூன்றாவது தடவை எழுதினேன்.

ஸ்டேஷனில் கொடுத்தேன். ரைட்டர் படித்துவிட்டு, "இது உங்களுக்கே எதிரா இருக்குதே?"

"ஆமா."

மாலைக்குள் மில்காரர் போன். "உன் ஸ்கூல்ல இனிமே எவன் சேர்றான்னு பாக்கறேன்டா."

அடுத்தது போளூர் ரோட்டில் பள்ளி வைத்திருப்பவர். "நீ யோக்கியன்னு காட்டிக்க எங்க எல்லார் கடையையும் மூட வெப்பியா?"

"உங்ககிட்ட பழகுன பசங்க யாராவது லோடு வண்டி ஓட்டியிருக்காங்களா?"

"அது லாரிக்காரன் வேலை."

"லாரிக்காரன் நம்ம வேலைன்றான்."

கெட்ட வார்த்தை சொன்னார். நானும் சொன்னேன். நாளைக்கு வரவேண்டிய இரண்டு பேர் வரவில்லை என்று மெசேஜ்.

நவ. 8, சனி

வெயில். ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏழுமலையின் காலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். செல்வி என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கடுதாசி குடுத்தீங்களாமே" என்றான்.

"குடுத்தேன். மில்காரரையும் விசாரிக்கறாங்க."

"என் காலு சரியாவுமா?"

மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"அத விடுங்க மாஸ்டர். படுத்துங்கெடந்து அதேதான் யோசிக்கறேன். அன்னிக்கு நான் இன்னா பண்ணியிருக்கணும்?"

"எறக்கத்துக்கு முன்னாடியே நிறுத்தி, ரெண்டாவது கியர் போட்டிருக்கணும். கீழ வர்றவரைக்கும் மாத்தக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.