டீசலுக்குப் போன நிலம்

போஹூஷ்,

எனக்குப் பார்லி போட வேண்டிய அப்பாவின் நிலத்தில் நீ, கடுகெண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் ஆலைக்காகக் கடுகு விதைத்துவிட்டாய். மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்ததைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள், பார்லியை முளைகட்டி உலர்த்தி விற்கும் என் கடைக்கு வந்து, "என்னம்மா, இந்த வருஷம் டீசலையே காய்ச்சிக் குடிச்சிரலாமா?" என்கிறார்கள்.

உன் மனைவியைத் தொலைபேசியில் பிடித்தேன். "வெயில்ல காய்ஞ்ச பார்லி, புரதம் கூடிப்போச்சு, பீர் கலங்கும்னு போன வருஷம் லாரியோட திருப்பி அனுப்பினது யாரு அண்ணி? மழையை நாங்களா பிடிச்சு வெச்சிருந்தோம்?" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். அடுத்த மார்ச்சில் பார்லி விதை. புரதம் எவ்வளவு ஏறினாலும் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொள்கிறேன். ஹெக்டேருக்கு டீசல் ஆலை என்ன தருகிறதோ, அதே தொகை.

உன் அக்கா