நூற்று எழுபத்தாறு வோல்ட்

மார்ச் 4

இன்று அக்காவிடம் நான் சொல்லாதது: தப்பு உன் கையில் இருக்காது.

கேக்கின் நடுவில் கத்தியை விட்டாள். மாவு ஒட்டிக்கொண்டு வந்தது. பேக்கரிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய கேக் பெட்டி பக்கத்திலேயே கிடந்தது. "என் கைப்பக்குவமே போயிடுச்சுடி" என்றாள். பகலெல்லாம் தையல் ஆலையில் நின்றுவிட்டு, சாயங்காலம் இந்த ஓவன் முன்னால் நிற்கிறாள். கடைக்காரர் வாடிக்கையாக வாங்கத் தொடங்கினால் ஆலையை விட்டுவிடலாம் என்று நம்பியிருக்கிறாள்.

மேலே விளக்கு மங்கலாக எரிந்தது. சாயங்காலமானால் தெருவே வெந்நீர் ஹீட்டர் போடுகிறது. அதுதான் காரணமோ? சரி, அளந்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

மார்ச் 6

நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடையிலிருந்து கரண்ட் அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். மெக்கானிக் சும்மா விடவில்லை. "வீட்டுக்கு எதுக்கும்மா? வரப்போற மாப்பிள்ளைக்கு எத்தனை வோல்ட்னு பார்க்கவா?"

சாயங்காலம் அக்கா ஓவனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனபோது அளந்தேன். 176 வோல்ட். 6.7 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 26 ஓம் சொச்சம். ஓவனின் முதுகில் 230 வோல்ட், 2000 வாட் என்று அச்சடித்திருக்கிறது; அந்தக் கணக்குக்கும் அதே 26 சொச்சம்தான். ஆக, சூடேற்றும் காயிலில் கோளாறு இல்லை. அளந்த இரண்டையும் பெருக்கிப் பார்த்தேன்: 1180 வாட்கூட இல்லை. வோல்டேஜ் கால்பங்கு குறைந்தால் கரண்டும் கால்பங்கு குறைகிறது. இரண்டும் சேர்ந்து சூட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றன. சூடு காட்டும் முள் உடைந்த பழைய ஓவன் இது. அக்கா கடிகாரத்தை நம்பித்தான் கேக்கை எடுக்கிறாள். ஞாயிறு மதியம் சுட்டது மட்டும் நன்றாக வந்ததை அதிர்ஷ்டம் என்கிறாள்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். "என்னடி, ஓவனுக்கும் பரீட்சையா? ஃபெயிலா?"

"பாஸ்தான்" என்றேன்.

அவ்வளவுதான் வாயிலிருந்து வந்தது.

மார்ச் 7

ஏன் சொல்லவில்லை? ஓவன் உட்கார்ந்திருப்பது நான் படிக்கிற மேசைமேல். என் புத்தகங்கள் கட்டிலுக்கடியில் மாவு படிந்து கிடக்கின்றன. அதற்காகவா? சீ.

இல்லை — கொஞ்சம் அதற்காகவும்தான்.

மார்ச் 9

இன்றும் சொல்லவில்லை. "கடைக்காரர் இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்டி" என்று மாவைக் குழைத்துக்கொண்டே சிரித்தாள். இந்தத் தடவை எப்படியாவது வந்துவிடும் என்று நானும் நினைத்துக்கொண்டேன். எப்படி வரும்? எனக்குத்தான் தெரியுமே!

மார்ச் 12

வரவில்லை. பெட்டி திரும்பி வந்தது.

இன்று சொன்னேன். கணக்கைத் தாளில் எழுதியும் காட்டினேன். சாயங்காலத்தில் கேக்கை இன்னும் அதிக நேரம் உள்ளே வைக்கணும்க்கா, இல்லேன்னா ஞாயிறு மதியம் சுடணும், அவ்வளவுதான் என்றேன். அக்கா தாளைப் பார்க்கவே இல்லை.

"ஓவன் பாஸ்னு நீதானே சொன்னே? நான் அழுவேன்னு இப்போ ஒரு கணக்கு கண்டுபிடிக்காதே."

"இல்லக்கா, சத்தியமா —"

"விடுடி. அவர் வேற ஆள் பார்த்துட்டாராம்."

ஏப்ரல் 3

போன வாரமே ஓவனை அடுத்த தெரு ரிட்டயர்டு டீச்சர் எடுத்துக்கொண்டு போனார். அவர் மதியத்தில் சுடுகிறார். இன்று ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அக்கா தின்றுவிட்டு, "நல்லா வெந்திருக்கு. எல்லாம் கைராசி" என்றாள்.

ஆலையில் மாலை ஷிப்டுக்கும் பேர் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து போகிறாள்.