ஒட்டு வேலை இல்லாத படம்

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் குகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் மூட்டுவலியைத் தவிர இந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் குளிர் விட்டிருக்கும், நீயும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நினைப்பாய். அதில் நான் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். காகிதத்துக்கு அப்படிக் காட்ட முடியாது பார். உன் அண்ணி புனிதா முறுக்கு அனுப்பும் பெட்டியிலேயே இதையும் வைக்கிறேன்.

அம்மா போனபிறகு ஒரு தீபாவளி சும்மாவே கழிந்தது. துக்க வீடென்று எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே இல்லை. இந்த வருஷம் தீபாவளிக்குக் குடும்பமாக ஸ்டூடியோவில் படம் எடுத்தே ஆகவேண்டும் என்று புனிதா சொன்னபோது நான் எரிந்து விழுந்தேன். வள்ளியம்மா இல்லாமல் என்ன பெரிய படம் என்று கத்தினேன். உன் அண்ணன் ஜெயராஜ் வழக்கம்போல ஃபோனுக்குள் தலையை விட்டுக்கொண்டான். புனிதா மட்டும் அசையவில்லை. "அத்தை இருந்தா இந்நேரம் உங்க ஜிப்பாவ தைக்கவே குடுத்திருப்பாங்க மாமா. நாளைக்கு அளவு எடுக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு, என் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தப் பெண்ணின் சாமர்த்தியத்தைக் கேள். தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடித்து வந்து, தீபாவளிக் கூட்டத்தில் லிட்டில் இந்தியா முழுக்கக் கடைகடையாக ஏறி இறங்கி, எல்லாருக்கும் ஒரே மயில் நிறத்தில் துணி பிடித்துவிட்டாள். நான் வெள்ளைதான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். "வெள்ளை போட்டா நீங்க மட்டும் கோயில் தலைவர் மாதிரி தனியா தெரிவீங்க லா" என்றாள். பேத்தி பாப்பா விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் எங்கே சண்டை போடுவது? உனக்கும் ஒரு ஜிப்பா தைத்தாயிற்று. அலமாரியில் கிடந்த உன் பழைய சட்டையைக் கொடுத்து, இடுப்பில் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருக்கிறாள். வெளிநாட்டுச் சாப்பாடு உன்னைச் சும்மா விட்டிருக்காதாம்.

அப்போதுதான் உன் பதில் வந்தது. படம் எடுக்கும் நாளில் லீவு இல்லை, தீபாவளி வாரத்தில்தான் கிடைக்கும், அதனால் என்னை ஃபோட்டோஷாப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு படத்தை அனுப்பி வைத்தாய். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இங்கே எத்தனை வீட்டு ஹாலில் பார்த்திருக்கிறாய், காலமானவர்களைப் பின்வரிசையில் சேர்த்துப் போட்ட குடும்பப் படங்களை. புனிதாவோடு பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோவுக்கு ஏற்பாடு பேசப் போனபோது உன் படத்தையும் அம்மா படத்தையும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போயிருந்தேன். படக்காரர் நாகையா இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நோ ப்ராப்ளம் அங்கிள். ரெண்டு பேரையும் பின்னால ஒண்ணா நிக்க வச்சிறலாம், ஒரே வேலைதான்" என்றார். நான் தலையாட்டப் போனேன்.

புனிதா சட்டென்று உன் படத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "அத்தைய ஒட்டுங்க அண்ணே. அவங்களால வர முடியாது. எங்க கொழுந்தன் உயிரோட நல்லா இருக்காரு, அவர ஒட்டாதீங்க" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. பெற்ற எனக்குத் தோன்றாதது எங்கிருந்தோ வந்த அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறதே!

அதோடு விட்டாளா? ஸ்டூடியோவில் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையை செலாயாங் குடும்பம் ஒன்று பிடித்து வைத்திருந்தது. நாகையாவின் ஃபோனிலேயே அவர்களோடு பேசினாள். முன்பின் தெரியாதவர்கள்தான், கொஞ்ச நேரத்தில் அக்கா, தங்கச்சி என்று உறவாகிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேலைக்கு மடிப்பு எடுத்துத் தருகிறேன், எங்கள் நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நாளை மாற்றிவிட்டாள். அவள் கை மடிப்பு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும், கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அவர்கள் படம் எடுக்கும் அன்று விடியுமுன்னே செலாயாங் போகப் போகிறாள். என் வீட்டுக்கு இப்படி ஒருத்தி வந்தது என் பாக்கியம். இதை அவளிடம் சொல்லிவிடாதே, அப்புறம் என்னை மேய்த்துவிடுவாள்.

ஆக, நாள் மாறிவிட்டது. சொல்ல உன்னிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

நீ ஏன் வரத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஐயா. அம்மாவை எடுத்த மறுநாள்தான் உன் விமானம் வந்து இறங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நீ நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அதற்காக இங்கே ஒருவர்கூட உன்மேல் குறை சொன்னதில்லை. கடைசியில் அவள், "குகன் ஃப்ளைட் ஏறிட்டானா" என்று கேட்டாள். நான் ஏறிட்டான் என்றேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நீ வந்துகொண்டிருக்கிறாய் என்ற நினைப்போடுதான் அவள் போனாள். நீதான் அதை வேறு மாதிரி மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாய்.

நேற்று நாகையாவுக்கு நானே ஃபோன் போட்டேன். அம்மாவை என் நாற்காலிக்குப் பின்னால் சேர்க்கச் சொன்னேன். எந்தச் சேலை, எந்தப் பொட்டு என்றெல்லாம் தெளிவாகச் சொன்னேன். அப்புறம் அவர், சின்னவர் வரலைன்னா என்ன செய்யட்டும் அங்கிள் என்று கேட்டார். நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும். உன் அம்மாவை ஒட்டச் சொல்ல எனக்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. உன்னை ஒட்டச் சொல்ல வரவில்லை, குகன். வந்து என் பக்கத்தில் நில்.

உன் அப்பா,
சபாபதி