பத்து அளந்து, ஐம்பது நுழைத்து

இன்று காலை இரும்பு பின்கள் வந்த பெட்டியைத் திறந்ததும், துருப்பிடிக்காமல் இருக்கத் தடவும் ரஸ்ட் ஆயில் வாடை முகத்தில் அடித்தது. எத்தனை முறை துவைத்தும் உன் துப்பட்டாவை விட்டுப் போகாத அதே வாடை. உடனே உனக்கு எழுதத் தோன்றியது. ஜெயித்துவிட்டோம்டி, அதைச் சொல்லத்தான்.

பொம்மசந்திரா கம்பெனியில் நாம் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், வெளியிலிருந்து வரும் பின்களைச் சோதிக்க. நான் பத்து பின்னை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று கணக்குப் போட்டு, ஒரு தடவையில் வந்த மொத்த லாட்டும் தேறுமா என்று சொல்வேன். நீ ஐம்பது பின்னை கேஜின் அளவுத் துளைகளில் விட்டுப் பார்ப்பாய். ஒரு பக்கத் துளையில் நுழைய வேண்டும், மறுபக்கத் துளையில் நுழையக் கூடாது. எது ஒசத்தி என்று கேன்டீன் வரை சண்டை. கடைசியில் நீதான் இறங்கி வந்தாய்: "ஏண்டி ரெண்டுல ஒண்ணு? மொதல்ல நீ அள. தேறுச்சா, பாஸ். தேறலன்னா ஒடனே திருப்பி அனுப்பாத, என்கிட்ட குடு." எனக்குத் தோன்றவில்லையே என்ற கோபத்தில் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

போன ஆடியில் நீ கண்ணை மூடினாய். நேற்று, நம் சரக்கை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வந்தார். நம் இரண்டு படி முறையை அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இனி அளப்பது மட்டும்தான், உன் கேஜ் அலமாரிக்குப் போய்விடும். அவர் எடுத்துக் கொடுத்த லாட்டில் பத்தை அளந்தேன். பத்தும் அளவுக்குள்தான், ஆனால் சிதறல் அதிகம். என் கணக்கில் தேறவில்லை.

"ரிஜெக்ட் தானே மேடம்?"

"இல்ல சார், இன்னொரு படி இருக்கு."

ஐம்பது பின்னை எடுத்து உன் கேஜில் விட்டேன். அத்தனையும் சரி. அவர் நம்பாமல் மொத்த லாட்டையும் போடச் சொன்னார். ஐந்து பேர் நின்று போட்டோம், ஒன்றுகூடத் தவறில்லை. அனுப்பியவர்களுக்கு போன் போட்டபோது, இரண்டு மெஷின் பின்களைக் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள். அதனால்தான் அந்தச் சிதறல். ஒரே மெஷினில் வந்தவை என்று நம்பிப் போட்ட என் கணக்குக்கு அது எப்படித் தெரியும்?

ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இந்த முறைக்கு புத்தகத்துலயே பேர் இருக்கு மேடம். எங்க படிச்சீங்க?" என்றார்.

"படிக்கல சார். சண்ட போட்டோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இப்போது இரண்டு வேலையும் எனக்குத்தான். அளவில் தேறாததை எடுத்துக்கொண்டு உன் மேஜைக்கு நடக்கிறேன். இன்று மேனேஜர், "ஒரே ஆள்தானே, ரெண்டு மேஜையையும் ஒண்ணாக்கிடலாமா?" என்று கேட்டார்.

"பேடா சார், வேண்டாம்" என்றேன்.